செனட் முதல் மஜ்லிஸுஷ் ஷுயூக் வரை: ஓர் அவைப் பெயரின் நெடும்பயணம்

அரபுக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களுக்கு நவீன அரபு உரைநடையைக் கற்பிக்கும்போது, அரபு நாளேடுகளில் வரும் செய்திகளைத் தமிழாக்கும் பயிற்சியையும் சேர்த்து அளிப்பது நம் வழக்கம். ஒருமுறை அமெரிக்க நாட்டின் வரவு செலவுத் திட்டம் பற்றிய செய்தியொன்றைக் கொடுத்திருந்தோம். இலக்கணத்தில் தேர்ந்த மாணவர் ஒருவர் அதன் முதல் வரியை, "அமெரிக்க ஷைகுமார்களின் சபை வரவு செலவுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது" என்று பெயர்த்துப் படித்தார். வகுப்பு ஒரு கணம் அமைதியாக இருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது: "அமெரிக்க அரசை நடத்துவது ஷைகுமார்களா, ஹஜ்ரத்?"

சிரிப்பு அடங்கிய பின்னர் எண்ணிப் பார்க்கையில், அம்மாணவர் இலக்கண வழியில் பிழையேதும் செய்திலர் என்பது புலனாயிற்று. செய்தியில் இருந்தது 'மஜ்லிஸுஷ் ஷுயூக்' என்னும் தொடர். மஜ்லிஸ் என்றால் அவை. ஷுயூக் என்பது ஷைகு என்பதன் பன்மை. சொல்லுக்குச் சொல் அவர் பெயர்த்தது சரியே. ஆயினும் அத்தொடர் குறிப்பது அமெரிக்காவின் செனட் அவையை. செனட் என்னும் இலத்தீன் சொல் எவ்வாறு ஷைகுமார்களின் அவையாக அரபியில் வந்து அமர்ந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகின் ஒரு சொல்லின் ஈராயிரமாண்டுப் பயணம் நம் கண்முன் விரிகின்றது. அப்பயணத்தில் நம்முடைய ஷைகு, ஷூரா ஆகிய சொற்களும் வந்து கலந்திருத்தலால் அதனை அறிந்துகொள்வது நமக்கு மிகவும் வேண்டப்படுவதாகும்.

வேர்ச்சொல்லும் அதன் சுற்றமும்

இலத்தீன் மொழியில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர். அதிலிருந்து பிறந்த 'செனாத்துஸ்' என்பது முதியோர் கூடும் அவையைக் குறித்தது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ கி.மு. 44-இல் முதுமை குறித்து எழுதிய நூலில், நாட்டின் தலையாய அவைக்கு முன்னோர் முதியவர்களின் பெயரையே இட்டதனை முதுமைக்குரிய அறிவுக்குச் சான்றாகக் காட்டுகின்றார். ஆகவே இச்சொல்லின் வேர்ப்பொருள் பிற்காலத்தார் கற்பித்தது அன்று. ரோமானியர்களே அறிந்து வழங்கியதாகும்.

இவ்வேர் இலத்தீனுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் பழையது எனப் பொருள்படும் 'ஸன', லிதுவேனிய மொழியில் முதியவர் எனப் பொருள்படும் 'செனஸ்' ஆகியவை இதன் உடன்பிறப்புகள். இலத்தீனில் 'மூத்தவர்' எனப் பொருள்படும் 'சீனியர்' என்னும் சொல் இத்தாலியத்தில் 'சின்யோர்' என்றும், பிரெஞ்சில் 'சீர்' என்றும், ஆங்கிலத்தில் 'சர்' என்றும் மரியாதை விளியாக மாறிற்று. நம் ஊர்களில் ஆசிரியரையும் அலுவலரையும் 'சார்' என்று அழைக்கின்றோமே, அதுவும் இவ்வேரிலிருந்து பிரிந்து வந்த கிளையே. செனட்டருக்கும் 'சாரு'க்கும் பாட்டன் ஒருவனே!

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் கூறுதல் தகும். அரபியில் வயதினைக் குறிக்கும் 'ஸின்னு' என்னும் சொல்லைக் கண்டு, அதுவும் செனட்டும் ஒரே வேரின என்று சிலர் மயங்கக்கூடும். 'ஸின்னு' என்பதன் முதற்பொருள் பல் என்பதாகும். பல்லைப் பார்த்து விலங்கின் வயதைக் கணிக்கும் வழக்கத்தால் அதற்கு வயது என்னும் பொருளும் ஏறிற்று. ஹீப்ரு மொழியில் பல்லைக் குறிக்கும் 'ஷேன்' அதன் இனச்சொல். இலத்தீனோ வேறு மொழிக் குடும்பத்தது. ஒலி ஒத்திருப்பதால் மட்டும் உறவு அமைந்துவிடாது என்பது மொழியாராய்ச்சியின் முதற்பாடமாகும்.

ரோமின் அவை

ரோமாபுரியின் மரபுக் கதைப்படி அதன் முதல் அரசன் ரோமுலஸ் நூறு குடும்பத் தலைவர்களைக் கொண்டு இவ்வவையை அமைத்தான். வரலாறு தெளிவாகப் புலப்படும் காலத்தில் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 300 ஆக இருந்தது. சுல்லா அதனை 600 அளவுக்கு உயர்த்தினார். ஜூலியஸ் சீசர் காலத்தில் அது 900 ஆயிற்று. அகஸ்டஸ் மீண்டும் 600 அளவுக்குக் குறைத்தார்.

இவ்வவை பற்றி இரு செய்திகள் நம் கருத்தில் நிற்க வேண்டியவை. முதலாவது, செனட்டின் முடிவு சட்டநெறிப்படி ஆட்சிப் பொறுப்பாளர்களுக்கு வழங்கப்பட்ட ஆலோசனையே ஆகும். 'செனாத்துஸ் கொன்சுல்தும்' என்னும் அதன் பெயரே அதனைக் காட்டும். சட்டம் இயற்றும் அதிகாரம் மக்கள் கூட்டங்களுக்கு இருந்தது. ஆயினும் போரும் கருவூலமும் அயல்நாட்டு உறவும் அவ்வாலோசனையின் வழியிலேயே நடந்தன. இரண்டாவது, பெயரில் முதுமை இருந்ததேயன்றி இருக்கைகளில் இருந்தோர் அனைவரும் முதியவர் அல்லர். கி.மு. 81-இல் சுல்லா செய்த ஏற்பாட்டின்படி, 'குவெஸ்டர்' எனப்பட்ட நிதிப் பொறுப்பாளர் பதவியை வகித்தோர் நேரே செனட்டில் இடம் பெற்றனர். அப்பதவிக்குரிய குறைந்த வயது 30. அகஸ்டஸ் அதனை 25 ஆகக் குறைத்தார். சொல் முதுமையைச் சுட்டிக்கொண்டிருக்க, பொருள் அதனை விட்டு நழுவத் தொடங்கியது பிறந்த மண்ணிலேயே நிகழ்ந்துவிட்டது.

மேற்குப் பேரரசு வீழ்ந்த பின்னரும் செனட் சிறிது காலம் நிலைத்திருந்து, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றிலிருந்து மறைந்தது. அது கூடிய மண்டபம் 630-இல் கிறித்தவ ஆலயமாயிற்று. மக்கா வெற்றி கொள்ளப்பட்ட ஆண்டும் அதுவே. ஆனால் அவை அழிந்தும் பெயர் அழியவில்லை. 1144-இல் ரோம் நகர மக்கள் போப்பின் ஆட்சிக்கு எதிராக எழுந்து, பழம்பெருமையை மீட்பதாகக் கூறி மீண்டும் செனட் ஒன்றை நிறுவினர். காலப்போக்கில் அந்நகரை ஆண்ட ஒற்றை அலுவலருக்கே 'செனட்டர்' என்னும் பெயர் நிலைத்தது. அவையின் பெயர் ஒரு தனி மனிதரைக் குறிக்கும் அளவுக்குத் தேய்ந்த விந்தை இது.

ஒலியால் சென்ற வழி

ஒரு மொழியின் சொல் மற்றொரு மொழிக்குள் புகும் வழிகள் இரண்டு. அதன் ஒலியை அப்படியே ஏற்பது ஒன்று. பொருளை எடுத்துக்கொண்டு சொந்தச் சொல்லால் உடுத்துவது மற்றொன்று. அரபு மொழியறிஞர்கள் முன்னதைத் 'தஃரீப்' என்றும் பின்னதைத் 'தர்ஜமா' என்றும் பிரித்துக் கூறுவர். செனட் இவ்விரு வழிகளிலும் நடந்திருக்கின்றது.

முதலில் ஒலிவழியைக் காண்போம். போலந்தில் அரசனுக்கு ஆலோசனை கூறிய ஆயர்களும் ஆட்சித் தலைவர்களும் அடங்கிய மேலவை 'செனட்' எனப்பட்டது. 1946-இல் நீக்கப்பட்ட அவ்வவை 1989-இல் மீண்டும் உயிர்பெற்றது. ரஷ்யாவில் மகா பீட்டர் மன்னர் 1711-இல் ஒன்பது உறுப்பினர்களைக் கொண்ட 'ஆளும் செனட்' ஒன்றை நிறுவினார். அது மக்கள் அவை அன்று. மன்னர் ஊரில் இல்லாத காலத்தில் ஆட்சியை மேற்பார்வையிடும் அலுவலகமாகத் தொடங்கிப் பின்னர் உயர்நீதிமன்றத்தின் தன்மையையும் பெற்று, 1917 புரட்சி வரை நீடித்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1787-இல் வகுத்த அரசியல் சாசனத்தில் மாநிலத்துக்கு இருவர் வீதம் அமரும் செனட் இடம்பெற்றது. உறுப்பினரின் குறைந்த வயது கீழவைக்கு 25, செனட்டுக்கு 30 என வரையறுத்ததில் பழைய வேர்ப்பொருளின் சாயல் சற்றே தெரிகின்றது. பிரான்சில் 1799-இல் நெப்போலியன் அமைத்த செனட்டில் இடம்பெறுவோர் 40 வயது நிரம்பியவராயும் வாழ்நாள் உறுப்பினராயும் இருத்தல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

முஸ்லிம் நாடுகளுக்குள் இச்சொல் நுழைந்தபோது, எந்த ஐரோப்பிய மொழியின் வாயிலாக வந்தது என்பதன் அடையாளம் அதன் உச்சரிப்பிலேயே பதிந்துவிட்டது. பாரசீகத்தார் அதனை 'மஜ்லிஸே ஸெனா' என்றனர். பிரெஞ்சில் இச்சொல்லின் ஈற்று மெய் ஒலிப்பதில்லை. ஆதலால் பாரசீகத்திலும் அது விடுபட்டது. துருக்கியரோ 'செனாத்தோ' என்றனர். அவ்வடிவம் இத்தாலியச் சாயல் உடையது. ஈரானின் 1906 அரசியல் சாசனம் அறுபதுபேர் கொண்ட செனட்டைக் குறிப்பிட்டிருந்தும் 1950 வரை அது கூடவில்லை. 1979 புரட்சியோடு அது முடிவுற்றது. துருக்கியின் குடியரசு செனட் 1961 முதல் 1980 வரை இயங்கியது. பாகிஸ்தானின் 1973 சாசனம் மேலவைக்குச் செனட் என்றே பெயரிட்டது. உருதுவில் அதனை 'ஐவானே பாலா', அதாவது மேலவை என்றும் வழங்குவர். மலேசியாவின் மேலவைக்குப் பெயர் 'தேவான் நெகாரா'. திவான் என்னும் பாரசீகச் சொல் அங்கே அமர்ந்திருக்க, உறுப்பினர் மட்டும் 'செனட்டர்' என்று விளிக்கப்படுகின்றார். அவைக்கு ஒரு மொழியின் பெயர், அவையினருக்கு வேறொரு மொழியின் பெயர்!

தமிழிலும் இச்சொல் முதலில் ஒலிவழியாகவே வந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது அதன் பேரவை செனட் எனப்பட்டது. சேப்பாக்கத்தில் 1874 முதல் 1879 வரை, கட்டடக் கலைஞர் சிஷோமின் திட்டப்படி இந்தோ-சரசானிய பாணியில் எழுந்த அதன் மண்டபம் இன்றும் 'செனட் ஹவுஸ்' என்றே வழங்கப்படுகின்றது. ரோமானிய அவையின் பெயர் தாங்கிய கட்டடத்தில் முஸ்லிம் கட்டடக் கலையின் சாயலைக் காண்பது ஒரு சுவையான முரண். இலங்கையிலோ 1947 முதல் 1971 வரை நாடாளுமன்றத்தின் மேலவையாக முப்பதுபேர் கொண்ட செனட் சபை இருந்தது. பாதிப்பேரைக் கீழவை தேர்ந்தெடுத்தது. மறு பாதியை மகாதேசாதிபதி நியமித்தார். கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும் தமிழறிஞராகவும் விளங்கிய ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1952-இல் அதன் உறுப்பினரானார். தமிழ் முஸ்லிம்கள் 'செனட்டர்' என்னும் சொல்லை உரிமையோடு உச்சரித்தமைக்கு அப்பெருமகனாரும் ஒரு காரணர் எனலாம். இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்கள் செனட்டை 'மூதவை' என்று தமிழில் எழுதுகின்றன. முதுமையும் அவையும் சேர்ந்த இச்சொல், வேர்ப்பொருளைத் தமிழால் உடுத்திய அழகிய ஆக்கமாகும்.

பொருளால் சென்ற வழி

பொருளைப் பெயர்க்கப் புகுவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும்: இவ்வவையின் சாரம் யாது? முதுமையா, மேன்மையா, ஆலோசனையா, அழைப்பா? ஒவ்வொரு மொழியும் கூறிய விடை அம்மொழியினரின் மனநிலையைக் காட்டும் கண்ணாடியாகின்றது.

கிரேக்கரிடம் முதியோர் அவைக்குரிய 'கெரூசியா' என்னும் சொல் ஏற்கனவே இருந்தது. ஸ்பார்ட்டாவில் அறுபது வயது கடந்த 28 முதியவரும் இரு அரசரும் அமர்ந்த அவை அது. ஆயினும் ரோமானிய செனட்டைக் குறிக்க அவர்கள் பெரிதும் ஆண்டது 'சின்கிளேத்தோஸ்' என்பதாகும். அழைத்துக் கூட்டப்பட்டது என்பது அதன் பொருள். வெனிஸ் குடியரசின் செனட்டுக்கும் 'வேண்டி அழைக்கப்பட்டோர்' எனப் பொருள்படும் 'பிரெகாதி' என்னும் மறுபெயர் உண்டு. ஜப்பானியர் 1875-இல் நிறுவிய அவைக்கு 'கென்ரோயின்' எனப் பெயரிட்டனர். அது மூத்தோர் அவை என்பதன் நேர்ப்பெயர்ப்பு.

உதுமானியர் 1876-இல் தம் முதல் அரசியல் சாசனத்தை வகுத்தபோது மேலவைக்கு 'ஹெய்அத்தே அஃயான்' என்று பெயரிட்டனர். அஃயான் என்பது கண் எனப் பொருள்படும் 'அய்ன்' என்னும் அரபுச் சொல்லின் பன்மை. ஊரின் கண்போன்ற முக்கியஸ்தர் என்பது கருத்து. முந்தைய நூற்றாண்டில் மாகாணங்களில் செல்வாக்குப் பெற்றிருந்த பெருங்குடியினரை அழைத்த சொல்லே அது. உறுப்பினர் 40 வயதுக்குக் குறையாதவராய், சுல்தானால் வாழ்நாள் முழுமைக்கும் நியமிக்கப்படுவர் என்று சாசனம் விதித்தது. அவர்கள் அவையின் சாரத்தை முதுமையில் காணவில்லை. சமூக மேன்மையில் கண்டனர். அப்பேரரசு சிதறிய பின்னரும் இச்சொல் வாழ்ந்தது. 1925-இன் ஈராக்கியச் சாசனம் 'மஜ்லிஸுல் அஃயான்' என்பதையே ஏற்றது. ஜோர்தானின் மேலவை இன்றளவும் அப்பெயரையே தாங்குகின்றது. அங்கும் உறுப்பினருக்குக் குறைந்த வயது 40.

எகிப்தின் கதை வேறு. 1798-இல் நெப்போலியன் கெய்ரோவில் அஸ்ஹரின் ஷைகுமார்களைக் கொண்டு ஓர் அவையை அமைத்தபோது, அதற்குத் 'திவான்' என்பதே பெயராயிற்று. ஷைகு அப்துல்லாஹ் அஷ்ஷர்காவீ அதன் தலைவர். உண்மையாகவே ஷைகுமார்கள் அமர்ந்த அவைக்கு அவர்களின் பெயர் இடப்படவில்லை! பின்னர் 1826 முதல் 1831 வரை பாரிஸில் வாழ்ந்த அஸ்ஹரி அறிஞர் ரிஃபாஆ அத்தஹ்தாவீ, 1834-இல் வெளியிட்ட தம் பயண நூலில் பிரான்சின் ஈரவைகளை அறிமுகப்படுத்தினார். அக்காலத்தில் அங்கு மேலவை செனட் எனப்படாமல் பிரபுக்கள் அவை எனப்பட்டது. அதற்கு அரபியில் சொல் இல்லாமையால் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியையே கொண்டு 'திவானுல் பீர்' என எழுதினார். மக்கள் பிரதிநிதிகளின் அவையையோ பொருள் விளங்க 'திவானு ருஸுலில் அமாலாத்', அதாவது மாவட்டத் தூதர்களின் அவை என்றார். ஒரே பக்கத்தில் தஃரீபும் தர்ஜமாவும் அருகருகே நிற்கும் காட்சி அது. புதிய உலகின் நிறுவனங்களுக்குப் பெயர் தேடி ஓர் அரபு அறிஞர் பட்ட பாட்டினை அதில் நாம் காணலாம்.

அதன் பின் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1923-இன் எகிப்தியச் சாசனம் மேலவைக்கு 'மஜ்லிஸுஷ் ஷுயூக்' என்று பெயரிட்டது. உறுப்பினருள் ஐந்தில் இரு பங்கினரை மன்னர் நியமித்தார், எஞ்சியோர் தேர்ந்தெடுக்கப்பட்டனர், குறைந்த வயது 40. இன்று அரபு நாளேடுகள் அமெரிக்க, பிரெஞ்சு செனட்டுகளைக் குறிக்கவும் இத்தொடரையே ஆள்கின்றன. நம் மாணவர் இடறியதும் இதிலேதான்.

ஷைகு என்னும் சொல்

அவ்வாறாயின் 'ஷுயூக்' என்பது பொருத்தமான பெயர்ப்புத்தானா? ஆம், மிகப் பொருத்தமானதே. திருக்குர்ஆனில் இச்சொல் நான்கு இடங்களில் வருகின்றது. இப்ராஹீம் (அலை) அவர்களின் துணைவியார் தம் கணவரின் முதுமையைச் சொல்லி வியக்கும் இடம் (11:72), யூஸுஃப் (அலை) அவர்களிடம் சகோதரர்கள் தம் தந்தையின் முதுமையை எடுத்துரைக்கும் இடம் (12:78), மத்யனில் இரு பெண்கள் தம் தந்தை வயதானவர் என மூஸா (அலை) அவர்களிடம் கூறும் இடம் (28:23), மனித வாழ்வின் படிநிலைகளை இறைவன் கூறும் இடம் (40:67) ஆகியவை அவை. இந்நான்கிலும் பொருள் முதியவர் என்பது ஒன்றே. ஐம்பது வயது தொடங்கி ஒருவர் ஷைகு எனப்படுவார் என்று அரபு அகராதியாளர் கூறுவதும் உண்டு. ஆகவே ஷைகு என்பது இலத்தீனின் செனெக்ஸ். மஜ்லிஸுஷ் ஷுயூக் என்பது செனாத்துஸ்.

ஆனால் காலம் செல்லச் செல்ல ஷைகு என்னும் சொல் குலத் தலைவரையும், ஆசிரியரையும், ஆன்மிக வழிகாட்டியையும், வளைகுடா நாடுகளில் ஆளும் குடும்பத்தினரையும் குறிக்கலாயிற்று. இளைஞராயினும் கல்வியால் ஷைகு எனப்படுவோர் உளர். இலத்தீனின் 'சீனியர்' மரியாதை விளியாகிச் 'சார்' ஆனதும் இதுவும் ஒரே வகை மாற்றமே. தமிழகத்தில் அது 'செய்கு' என்றும் 'சேகு' என்றும் உருமாறி மக்கட்பெயராயிற்று. 1874-இல் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அவர்களின் பெயரை எண்ணிப் பாருங்கள்: முதியவரைக் குறித்த அரபுச் சொல்லும் இளையவரைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லும் ஒரே பெயரில் இணைந்து நிற்கின்றன. நம் செவிக்கு ஷைகு என்றவுடன் மார்க்க அறிஞரே நினைவுக்கு வருவதால், மஜ்லிஸுஷ் ஷுயூக் என்பதில் தலைப்பாகைகளைக் கண்ட மாணவரை நாம் எங்ஙனம் குறைகூற இயலும்?

ஷூரா என்னும் பெயர்ப்பலகை

ஷைகு பற்றிய மயக்கம் சிரிப்போடு போய்விடும். ஷூரா பற்றிய மயக்கம் அவ்வளவு எளியதன்று.

எகிப்தில் 1866-இல் கெதீவ் இஸ்மாயில் 75 பேர் கொண்ட ஓர் அவையை நிறுவி 'மஜ்லிஸு ஷூரன் நுவ்வாப்' எனப் பெயரிட்டார். ஷூரா என்னும் சொல் இவ்வாறு நவீன நிறுவனத்தின் பெயருள் புகுந்தது. 1923-இல் வந்த மஜ்லிஸுஷ் ஷுயூக் 1952 புரட்சிக்குப் பின் மறைந்தது. 1980-இல் மேலவை 'மஜ்லிஸுஷ் ஷூரா' என்னும் பெயரில் திரும்பி வந்தது. 2014 சாசனத்தால் அது நீக்கப்பட்டது. 2019-இன் திருத்தத்தால் மேலவை மூன்றாம் முறையாக எழுந்தபோது மீண்டும் மஜ்லிஸுஷ் ஷுயூக் ஆயிற்று. 2020-இல் அமைந்த அவ்வவையில் உறுப்பினர் 300. மூன்றில் ஒரு பங்கினரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். குறைந்த வயது 35. முதியோர் அவை, ஆலோசனை அவை, மீண்டும் முதியோர் அவை. பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு அவையின் அதிகாரம் மாறியதா என்பதே கேட்க வேண்டிய வினா.

பிற நாடுகளைப் பார்ப்போமாயின் எகிப்தில் ஷூரா மேலவையின் பெயராயிருந்தது. ஓமானில் அது தேர்தலால் அமையும் அவையின் பெயர், மேலவையோ 'மஜ்லிஸுத் தவ்லா'. பாகிஸ்தானில் 1985 முதல் இரு அவைகளும் சேர்ந்த நாடாளுமன்றம் முழுமைக்குமே மஜ்லிஸே ஷூரா என்பது பெயர். ஈரானில் ஒரே அவையான நாடாளுமன்றத்தின் பெயர். ஒரே சொல், நான்கு நாடுகளில் நான்கு பொருள்!

திருக்குர்ஆனில் ஷூரா எந்தக் கட்டடத்தின் பெயருமன்று. நம்பிக்கையாளரின் காரியங்கள் தமக்குள் கலந்தாலோசித்தலால் நடைபெறும் என்னும் பண்பினையே 42:38 கூறுகின்றது. தோழர்களுடன் கலந்தாலோசிக்குமாறு நபி (ஸல்) அவர்களுக்கு இடப்பட்ட கட்டளையே 3:159-இல் உள்ளது. இவ்வசனங்களைக் காட்டி, செனட் என்பது இஸ்லாம் வழங்கிய அமைப்பே என்று மேடைகளில் முழங்குவோர் உளர். ஷூராவைச் 'செனட் சபை' என்று பெயர்ப்போரும் உளர். இரண்டும் பொருந்தா. செனட் ஒரு நிறுவனம். ஷூரா ஒரு நெறி. நெறியை நிறுவனமாகச் சுருக்கிவிட்டால், அப்பெயருடைய அவை ஒன்று இருந்துவிட்டாலே கட்டளை நிறைவேறிவிட்டது என்னும் எண்ணம் தோன்றிவிடும். இதுவே இம்மயக்கத்தில் உள்ள அபாயம்.

முதுமையும் ஆலோசனையும்

முதியோர் அவை அரபுலகுக்குப் புதியதன்று. நபி (ஸல்) அவர்களின் முன்னோரான குஸை மக்காவில் அமைத்த 'தாருந் நத்வா'வில், குஸையின் வழித்தோன்றல்கள் நீங்கலாக நாற்பது வயதுக்குக் குறைந்தோர் இடம்பெறுவதில்லை என்று மக்கா வரலாற்று நூல்கள் கூறும். நத்வா என்னும் சொல்லின் வேரில் அழைத்துக் கூட்டுதல் என்னும் பொருள் உண்டு; கிரேக்கரின் சின்கிளேத்தோஸை இது நினைவூட்டுகின்றது. இத்துணை ஒழுங்கோடு அமைந்த அவையே நபி (ஸல்) அவர்களைக் கொல்லச் சதி செய்யவும் கூடியது. அந்நாளில் நஜ்துவாசியான மதிப்பிற்குரிய முதியவர் ஒருவரின் உருவில் இப்லீஸ் வந்து அமர்ந்து, அபூ ஜஹ்லின் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததாக இப்னு இஸ்ஹாக் வழியாக வரலாறு கூறுகின்றது. நரைத்த தாடியும் நாற்பது வயது விதியும் நல்லாலோசனைக்கு உறுதியாகா என்பதற்கு இதனினும் கூர்மையான சான்று வேண்டுமோ?

இதற்கு நேர்மாறானது உமர் (ரலி) அவர்களின் அவை. அவர்களின் ஆலோசனைக் குழுவில் குர்ஆனை நன்கறிந்தோர், மூத்தவராயினும் இளைஞராயினும், இடம்பெற்றிருந்தனர் என்பது புகாரியில் காணும் செய்தி. பத்ருப் போரில் பங்கேற்ற முதியவர்களோடு இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர்த்தியபோது சிலர் முணுமுணுத்தனர். உமர் (ரலி) அவர்கள் 110-ஆம் அத்தியாயத்தின் கருத்தை அனைவரிடமும் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களின் மறைவுக்கான முன்னறிவிப்பு அதில் உள்ளதென்று இப்னு அப்பாஸ் விளக்க, உமர் (ரலி) அவர்கள் அதனை ஏற்றார்கள். அவ்வறிவிப்பில் அம்முதியவர்களைக் குறிக்க வரும் சொல் 'அஷ்யாக்' என்பதாகும். அதுவும் ஷைகு என்பதன் பன்மையே. முதியோர் அவையிலிருந்து ஷூராவைப் பிரித்துக் காட்டும் எல்லைக்கோடு இந்நிகழ்ச்சியில் உள்ளது. அங்கு இருக்கையைத் தந்தது வயது அன்று, அறிவு.

மொழிபெயர்ப்பாளர் கொள்ளவேண்டியது

மேற்கூறியவற்றால் நம் மாணவர்களுக்கு நாம் வகுத்துத் தருவது இதுவே. அரபியில் மஜ்லிஸுஷ் ஷுயூக் எனக் காணின், எந்த நாட்டைப் பற்றிய பேச்சு என்று முதலில் நோக்குக. அமெரிக்கா, பிரான்சு எனின் செனட் என்றே எழுதுக. எகிப்து எனின் மேலவை என்றோ மூதவை என்றோ எழுதி, மூலப்பெயரையும் ஒருமுறை குறிப்பிடுக. மஜ்லிஸுல் அஃயான் என்பதை முதியோர் அவை என்னாது பிரமுகர் அவை என்க. ஷூரா ஒரு நாட்டின் அவைப் பெயராக வருமிடத்து அப்பெயரையே வைத்து, அந்நாட்டில் அது எவ்வவை என்று விளக்குக. திருமறையிலும் நபிமொழியிலும் வருமிடத்துக் கலந்தாலோசனை என்க. எந்த அவையின் பெயரையும் அதன்மேல் ஏற்றாதிருக்க.

மறு வாரம் அதே மாணவர் அவ்வரியைத் திருத்தி எழுதி வந்தார். "அமெரிக்க செனட் அவை வரவு செலவுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது" என்றிருந்தது. சரியென்று குறியிட்டோம். அவர் இருக்கைக்குத் திரும்பாமல் நின்றார். "ஹஜ்ரத், எங்கள் மஹல்லா ஜமாஅத் நிருவாகத்தில் அறுபதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. அது செனட்டா, ஷூராவா?" என்று கேட்டார். வகுப்பு மீண்டும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அவ்வினாவுக்குச் சரியென்றோ தவறென்றோ எம்மால் குறியிட இயலவில்லை.